யானைத் தடத்தை வெள்ளையாக்கிய நாள்

கேமரா வாங்கிய மறுநாளே விசிட்டிங் கார்டு அச்சடித்துவிட்டு, அதற்கு மறுநாள் என்னிடம் யோசனை கேட்கும் தம்பி தங்கைகளே, நான் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. முழங்கால் வலியைத் தவிர இப்போது எனக்கு முழுநேர வேலை எதுவும் இல்லை. அப்படியும் வாரத்துக்கு நாலு படமாவது என் போனில் வந்து விழுகிறது. போடிமெட்டு வளைவில் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், பின்னால் மூடுபனி, இரண்டு பேர் முகமும் சுண்ணாம்பு பூசிய சுவர். கீழே ஒரு கேள்வி: ஃபிளாஷ் எப்போது போட வேண்டும், படம் ஏன் ஷார்ப்பாக வர மாட்டேன் என்கிறது?

கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு வைத்திருக்கிறீர்கள். இன்னும் விலை கூடிய லென்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உங்கள் பதில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கோணல் கூடத்தில் நானும் இருபத்தெட்டு வருஷம் ஆடியவள்தான். ஆகவே உங்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன், அதுதான் மரியாதை.

போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில், ஒரு மருந்துக்கடை மாடியில் என் ஸ்டூடியோ இருந்தது. பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் நிற்பார்கள் என்று சடங்கு வீடு, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதே எல்லா வீட்டிலும் ஒரே நிபந்தனை: பிள்ளை வெள்ளையாக விழ வேண்டும். காட்டில் களை எடுத்துக் கறுத்த தாய், வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்க் கறுத்த மகள். ஆல்பத்தில் மட்டும் இரண்டு பேரும் பனி பெய்கிற தேசத்தில் பிறந்திருக்க வேண்டும். நானும் சளைக்கவில்லை. ஃபிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டி, முகத்துக்கு நேராக, தேவைக்கு ஒன்றரை மடங்காய் அடிப்பேன். கறுப்பு போய்விடும். கூடவே கன்னம், தாடை, மூக்கு எல்லாம் போய்விடும். இரண்டு கண்ணும் ஒரு பொட்டும் பல்வரிசையும் மிஞ்சும். மூக்கைக் காணவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வந்து புகார் சொன்னதில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு தகப்பனார் ஆல்பத்தை மூன்று தடவை புரட்டிவிட்டு, இதில் நம் பிள்ளை எது என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் இளைய மகள் சடங்குக்கும் என்னையே கூப்பிட்டாள்.

ஊரில் எனக்கு ஃபிளாஷ் அக்கா என்று பெயர். எனக்கும் அதில் பெருமைதான். சனங்களுக்கு நிறம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிழலைத் தின்றுகொண்டிருந்தேன் என்பது ஒரு யானை வந்து சொல்லும்வரை தெரியவில்லை.

அதற்கு முன்பே மலை ஒரு தடவை எச்சரித்துப் பார்த்தது. மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலைக்காரப் பெண்கள் முப்பது பேரை வரிசையாக நிறுத்திக் குரூப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். நல்ல மூடுபனி. வெளிச்சம் போதவில்லை என்று முழுப் பலத்தோடு ஃபிளாஷ் அடித்தேன். பனித்துளி ஒவ்வொன்றும் என் வெளிச்சத்தை வாங்கி எனக்கே திருப்பி அனுப்பிவிட்டது. படத்தில் ஆட்களைக் காணோம்; வெள்ளையாக ஒரு போர்வை மட்டும் தொங்கியது. தோட்டத்து மேஸ்திரி ஒரு மலையாளி. படத்தைப் பார்த்துவிட்டு, பனியை நன்றாக எடுத்துவிட்டீர்கள் சேச்சி, ஆட்களை எப்போது எடுப்பீர்கள் என்று பாதித் தமிழில் கேட்டார். நான் கேமராவில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, கிடைத்த ஜீப்பில் ஏறிக் கீழே இறங்கிவிட்டேன். பாடம் வாசல்வரை வந்து கதவைத் தட்டியது. நான் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி யானைக்கு வருகிறேன்.

பேச்சியம்மாள் தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் வாழை போட்டிருந்தவள். அவள் மகள் சடங்குக்குப் படம் எடுத்த வகையில் எனக்குப் பழக்கம். வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமைதோறும் இறங்கி வருவார். வாழைத் தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. ஓர் ஆடி மாதக் காலையில் போன் செய்தாள். முந்தாநாள் ராத்திரி யானை இறங்கிக் குலை தள்ளி நின்ற வாழையில் பாதியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. நிவாரணத்துக்கு மனு எழுதி, தன் போனிலேயே படமும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். படம் கலங்கலாக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் ஒருவர் நின்றிருப்பார். அந்த அடையாளம் போதும்.

அவளுக்கு அந்த நிவாரணம் வந்தால்தான் விழுந்த இடத்தில் மறுபடி கன்று ஊன்ற முடியும். வராவிட்டால் அவளும் வீட்டுக்காரரோடு மலைக்கு ஏற வேண்டியதுதான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு எப்படி ஏறுவது என்று போனிலேயே கேட்டாள். நல்ல கேமரா இருக்கிறது, நல்ல ஃபிளாஷ் இருக்கிறது, கவலைப்படாதே என்று சொன்னேன். டாக்டரிடம் போனால் ஊசி பெரிது என்று அவர் பெருமைப்பட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிலமலை தாண்டி, ராசிங்காபுரம் தாண்டிப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. யானை வந்ததற்கு அத்தாட்சி நிறைய இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஊர் சனம் அழித்துவிட்டது. யானைச் சாணத்தை மிதித்தால் பித்தவெடிப்புப் போய்விடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, தகவல் தெரிந்து பாதி ஊர் வந்து மிதித்திருக்கிறது. சாணம் இருந்த இடத்தில் தரைதான் மெழுகியிருந்தது. வந்தவர்கள் சும்மா திரும்பாமல் தடத்தின்மேல் நின்று செல்ஃபியும் எடுத்திருக்கிறார்கள். வாய்க்கால் ஓரச் சேற்றில் ஒரே ஒரு தடம் மட்டும் தப்பியிருந்தது. பேச்சியம்மாள் அதன்மேல் ஓர் இரும்புச் சாந்துச்சட்டியைக் கவிழ்த்து வைத்துக் காப்பாற்றியிருந்தாள். சட்டியைத் தூக்கினாள். கண்ணால் பார்த்தால் சந்தேகமே இல்லை. பெரிய சுளகு அகலத்துக்கு வட்டமாக, முன்னால் நகம் பதிந்து, உள்ளே காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு வெடிப்பாகப் பாதத்தின் ரேகை.

நான் நின்றேன். கேமராவை நேராகக் கீழே பிடித்தேன். இருபத்தெட்டு வருஷப் பழக்கப்படி ஃபிளாஷை அடித்தேன். பன்னிரண்டு படம். உச்சி வெயிலில் கேமராவின் திரை சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று நானும் மெனக்கெடவில்லை. அந்த ஆனையே வந்து பார்த்தாலும் இது தன் கால்தான் என்று ஒத்துக்கொள்ளும் என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போடிக்கு வந்தேன்.

கடையில் பிரிண்ட் போட்டபோது பார்த்தேன். குழி இல்லை, நகம் இல்லை, ரேகை இல்லை. தோசைமாவைக் கொட்டிப் பாதியில் துடைத்த தரை மாதிரி இருந்தது. சடங்கு வீட்டுப் பிள்ளைகளின் மூக்கை எடுத்த அதே கைதான் யானையின் காலையும் எடுத்துவிட்டது. குழிக்குள் நிழல் விழுந்தால்தான் அது குழி என்று கண்ணுக்குத் தெரியும். நேரே நின்று வெளிச்சத்தைக் கொட்டினால் நிழலுக்கு இடம் ஏது?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். படம் மோசம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொழிலில் தப்புப் பண்ணுவது எல்லாருக்கும் நடப்பது. தப்பு என்று தெரிந்த படத்தை உறையில் போட்டுக் கொடுத்ததற்குத்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவளோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் பிரிண்டை வாங்கினார். நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் காட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல கால் எங்க இருக்கு?"

பேச்சியம்மாள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவள் விரல் பட்ட இடத்தில் வெள்ளைதான் இருந்தது. அவர் பிரிண்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. வாழை சாயாதா? சாஞ்சதை மாடு வந்து தின்னுருக்கும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஃபைல் மேல போகுது. தெளிவா ஒரு தடம் இருந்தாக் கொண்டாங்க. இல்லேன்னா காத்துன்னுதான் எழுதணும்."

பழமொழியை அரசாங்க விதியாக்கின ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நீங்களே ஒரு தடவை நேரில் வந்து பார்க்கலாமே என்று கேட்டேன். ஜீப் ரிப்பேர் என்றார். வெளியே வரும்போது ஜீப் வாசலில் நின்றது. என்ன ரிப்பேர் என்று கேட்கலாம் என்றால் டிரைவர் அதற்குள் நல்ல தூக்கத்தில் இருந்தார்.

அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது. அந்த ஆள் கொழுப்பாகப் பேசினார் என்பது உண்மை. என் படத்தில் கால் இல்லை என்பதும் உண்மை. பேச்சியம்மாள் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"எனக்குக் கால் தெரியுதுக்கா. ஒங்க மிசினுக்குத்தான் தெரியல" என்றாள்.

மறுபடி தேவாரத்துக்கு ஸ்கூட்டரைத் திருப்பினேன். வழி முழுக்க எனக்குள் ஒரு சபதம். இனி ஃபிளாஷைத் தொடுவதில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும். அது போதும் குழியைக் காட்ட. போடியிலேயே பிறந்து, போடியிலேயே தலை நரைத்தவள் நான். நமக்கு மேற்கே மலை இருக்கிறது, வெயில் சாய்வதற்கு முன்பே அது சூரியனை விழுங்கிவிடும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. போய் இறங்கினால் தோட்டம் முழுக்க மலையின் நிழல். மேலே ஆடி மேகம். நகக்கண் அளவுக்கு வெயில் கிடையாது.

சபதத்தை மீற மனசில்லாமல் ஃபிளாஷ் இல்லாமலே பத்துப் படம் எடுத்தேன். வெளிச்சம் குறைவு என்றால் கேமரா அதிக நேரம் கண் திறந்து வைத்திருக்கும். அவ்வளவு நேரம் என் கை சும்மா இருக்குமா? காற்று வேறு தள்ளியது. எல்லாப் படத்திலும் யானை ஆடிக்கொண்டே நடந்து போயிருந்தது. காலையில் ஃபிளாஷைக் கண்மூடித்தனமாக நம்பினேன். சாயங்காலம் அதே கண்மூடித்தனத்தோடு ஃபிளாஷை வெறுத்தேன். இரண்டும் ஒரே வியாதிதான். உங்களில் பாதிப் பேர் முதல் கட்டத்திலும், இன்டர்நெட்டில் இயற்கை வெளிச்சம் என்று படித்த மீதிப் பேர் இரண்டாம் கட்டத்திலும் படுத்திருக்கிறீர்கள்.

சரி, நாளைக்கு விடிந்ததும் கிழக்கு வெயில் சாய்வாக விழும், ஏழு மணிக்கு எடுத்துப் பத்து மணிக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அப்போதுதான் பேச்சியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்துக் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் முறை. கொழுந்தன் மோட்டார் பக்கத்தில் காத்திருக்கிறார். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் வரும். வந்தால் தடம் போய்விடும். முறையை விட்டால் மற்ற இரண்டு பேரும் பாய்ச்சி முடித்து, எட்டு நாள் கழித்துத்தான் அவளுக்குத் திரும்பி வரும். ஆடிக் காற்று ஈரத்தை உறிஞ்சுகிற நாளில் எட்டு நாள் என்றால், யானை மிச்சம் வைத்த வாழையைக் காற்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மனு எழுதவும் வழி கிடையாது.

வாழையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இந்தத் தடவ மொறைய விட்ருவம்க்கா. தடம் கெடக்கட்டும். காலைல வெயில்ல எடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கும். தப்பு நடந்தால் பழியை வெயில்மேல் போடலாம். ஆனால் காலையில் சாரல் அடித்தால்? மேகம் கலையாவிட்டால்? இரண்டு தடவை கோட்டைவிட்டவள் நான். மூன்றாவது தடவைக்கு அவளுடைய மிச்ச வாழையைப் பணயம் வைக்க அவளே தயாராக நிற்கிறாள். என் கேமராவுக்காக ஒருத்தி தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அந்தக் கேமராவைக் கிணற்றில் போடுவது மேல்.

அப்போதுதான் ஒரு கொத்தனார் ஞாபகம் வந்தார். பெயரை நான் கேட்டுவைக்கவே இல்லை. என் ஸ்டூடியோ சுவரைப் பூசியபோது, வேலை முடிந்ததும் ஒரு குண்டு பல்பை வயரோடு கொண்டுவந்து சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தார். அதுவரை மொழுமொழுவென்று தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பின. எதிரே நின்று பார்த்தால் சுவர் பொய் சொல்லும், பக்கவாட்டில் பிடித்தால் சொல்லாது என்றார். வெளிச்சத்தை விற்றுப் பிழைக்கிற நான், சரி சரி, கூலியை வாங்கிக்கொண்டு போ என்று அவரை அனுப்பிவைத்தேன்.

போனில் டார்ச்சைப் போட்டுத் தடத்தின் விளிம்பில் தரையோடு தரையாக வைத்தேன். யானை அந்த நிமிஷம்தான் காலை எடுத்த மாதிரித் தடம் எழுந்து வந்தது. நகம் நாலும் தனித்தனியாக, உள்ளே ஒவ்வொரு ரேகையும் நிழலோடு. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். கால் மணி என்றாள். அவள் முறை தொடங்க ஆறு மணி ஆகியிருந்தது.

"போட்ரச் சொல்லு" என்றேன்.

அது துணிச்சலா திமிரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காலையில் நான் விட்ட சவடால் அந்தப் பார்வையில் இருந்தது. ஆனாலும் திரும்பி, கொழுந்தனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மோட்டார் சத்தம் கேட்டது.

ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றினேன். அதை வாங்கியபோது கூடவே ஒரு சுருள் வயர் கொடுத்தார்கள்; ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து அடிப்பதற்கு. பையின் அடியில் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. பல்லால் கடித்துப் பிரித்தேன். ஃபிளாஷைத் தடத்தின் ஓரத்தில் தரையில் படுக்கப் போட்டேன். சாந்துச்சட்டியை எதிர்ப்பக்கம் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, ஒரு கல்லை அண்டை கொடுத்தேன். அறுபதை நெருங்குகிற நான் சேலையோடு சேற்றில் குப்புறப் படுத்தேன். விரல் பட்டால்கூட ஆடும் என்று, தானாக இரண்டு விநாடி கழித்து எடுக்கும்படி கேமராவுக்குச் சொன்னேன். விலை கூடிய லென்ஸ் என்றீர்களே, அன்றைக்கு என் லென்ஸ் பழசு. அதைத் தாங்கியது ஒரு சாந்துச்சட்டி.

முதல் படத்தில் ஃபிளாஷ் ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் ஒரு விளிம்பு எரிந்துபோனது. பலத்தைக் குறைத்து, ஒரு முழம் தள்ளி வைத்தேன். இரண்டாவதில் ரேகை வந்தது. ஆனால் யானைத் தடமா பூனைத் தடமா என்று அளவு தெரியவில்லை. நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வியும் வரும். பேச்சியம்மாளை உட்கார்ந்து தடத்துக்குப் பக்கத்தில் கையை விரித்து வைக்கச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் சலசலப்பது கேட்டது. மூன்றாவதில் அவள் கை அசைந்தது. மூச்சை அடக்கிக்கொள் என்றேன். நானும் அடக்கிக்கொண்டேன். நாலாவது.

திரையில் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தேன். காலையில் செய்யாத வேலை. நகம் இருந்தது, ரேகை இருந்தது, அவள் கை இருந்தது. ஐந்தாவதாக ஒன்று எடுப்பதற்குள் வாழைச் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்து தடத்துக்குள் இறங்கியது. யானையின் கால் ஒரு நிமிஷம் குட்டிக் குளம் மாதிரி நிறைந்து, விளிம்பு கரைந்து, இல்லாமல் போனது. நான் ஃபிளாஷை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். பேச்சியம்மாள் என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டாள். அவளுக்குச் சோலி கிடந்தது.

மறுநாள் அலுவலர் அந்தப் படத்தை எந்தப் பக்கமும் திருப்பவில்லை. நல்ல படம் என்றும் சொல்லவில்லை. ஃபைலில் வைத்துக் கட்டினார். நிவாரணம் ஆற அமர ஊர்வலமாக வந்தது, ஆனாலும் வந்தது. பேச்சியம்மாள் கன்று ஊன்றினாள். மலைக்கு ஏறவில்லை. மகள் பத்தாம் வகுப்பைத் தாண்டினாள்.

நானும் அதோடு திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். சடங்கு வீடுகளில் ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு மூக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை கறுத்துவிட்டாள் என்று மூன்று வீட்டில் சண்டை. நாலாவது வீட்டில் அந்தப் பிள்ளையே படத்தை வாங்கிப் பார்த்து, இதுதான் நான், இதையே பெரிசாகப் போடுங்கள் என்றாள். அவள் ஒருத்திக்காக மற்ற மூன்று வீட்டையும் பொறுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் ஆடியிலும் யானை வந்தது. அதற்கு நம் மனுவும் தெரியாது, நிவாரணமும் தெரியாது. இந்தத் தடவை பேச்சியம்மாள் யாரையும் தோட்டத்துக்குள் விடவில்லை. நாலைந்து தடத்தை ஓலை போட்டு மூடிவிட்டு, படம் எடுப்பதற்கு முன்னால் எப்படி வேண்டும் என்று கேட்டுக்கொள்வோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனாள். பழைய அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். புது அலுவலர் இளவயசுக்காரர். அவர் தலைக்கு மேலே, சுவரில், கண்ணாடி போட்டு நம் படம் மாட்டியிருந்தது. கீழே அச்சடித்த எழுத்து: களஆய்வின்போது எங்கள் பணியாளர் எடுத்தது.

புது அலுவலர் பேனாவால் அதைக் காட்டினார். போட்டோ என்றால் இப்படி இருக்க வேண்டும், எங்கள் ஆள் எவ்வளவு சிரமப்பட்டு எடுத்திருக்கிறார் பாருங்கள், அந்தக் கை வைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள் என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. வாயைத் திறந்தேன். பேச்சியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய், சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் தன் இடது கையை விரித்து வைத்தாள்.

"அது ஏங் கை சார்."

அவர் சிரித்தபடிதான் எழுந்தார். கிட்டே போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. படத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே பண்ணரிவாள் வெட்டிய தழும்பு ஒன்று கோணலாக ஓடியது. பக்கத்தில் அவள் விரித்து வைத்த கையிலும் அதே தழும்பு. வளையலில் உடைந்து ஒட்டவைத்த ஒன்றுகூடத் தெரிந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். படம் ஷார்ப்பாக இருக்கிறதா என்று இனி யாரிடமும் கேட்க வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு வெள்ளென எங்க மொறைத் தண்ணி சார். வந்துருச்சுன்னா தடம் இருக்காது. இன்னைக்கே வந்து பாத்துருங்க."

அன்றைக்கு ஜீப் ரிப்பேர் இல்லை. எங்களையும் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். தோட்டத்துக்குள் இறங்கி, பேச்சியம்மாள் ஓலையை எடுத்த இடத்தில் விறைப்பாக நின்று, போனை நேராகக் கீழே பிடித்து, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். போனைத் திருப்பிப் பிடித்து மறுபடி எடுத்தார். பேச்சியம்மாள்தான் சொன்னாள்.

"நின்னுக்கிட்டு எடுத்தா விழாது சார். குனிங்க."

அவர் டிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரப்பில் நின்ற பங்காளிகளைப் பார்த்தார். பிறகு பேண்ட்டை முழங்கால் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார்.